இரவு 9.30 மணிக்கு யாரும் ஃபியூஸ் பிடுங்க வருவதில்லை

கேட்டவரின் அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. ஒரே மாதத்தில் அவருக்கு மூன்று மெசேஜ் வந்திருக்கின்றன. கரண்ட் பில் கட்டாததால் இன்று இரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒன்று. போஸ்ட் ஆபீஸில் உங்கள் பார்சல் தங்கிவிட்டது என்று ஒன்று. டிராஃபிக் ஃபைன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். இதற்கு நடுவில் நிஜமான ஈ.பி. பில் மெசேஜும் வருகிறது. "அப்பா எதை நம்புவார்? எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இதைத் தடுக்க ஏதாவது ஆப் இருக்கிறதா?" என்பது கேள்வி.

நான் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். கரண்ட் பில், வண்டி ஃபைன், பான் கார்டு, பி.எஃப்., பட்டா என்று எல்லாவற்றுக்கும் போனை நீட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். எல்லா ஆபீஸின் நிஜ மெசேஜும் பொய் மெசேஜும் ஒரே நாளில் என் மேஜைக்கு வந்துவிடும். அதை வைத்துச் சொல்கிறேன்: எழுத்துப்பிழையைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்த காலம் முடிந்துவிட்டது. இப்போது வரும் பொய் மெசேஜ்கள் சுத்தமான தமிழில், அரசு முத்திரையோடு வருகின்றன. நிஜ மெசேஜ்களில்தான் தமிழ் தடுமாறுகிறது! ஆனால் இந்தத் திருடர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. நம் ஊர் ஆபீஸ்கள் உண்மையில் எப்படி வேலை பார்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது உங்கள் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

கரண்ட் மெசேஜையே எடுத்துக்கொள்வோம். 2022 வாக்கில் பல மாநிலங்களிலும் ஒரே அச்சில் சுற்ற ஆரம்பித்த மெசேஜ் இது. ஆங்கிலத்தில் வரும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "அன்பான நுகர்வோரே, உங்கள் சென்ற மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் மின்சார அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்." கீழே ஒரு பத்து இலக்க மொபைல் நம்பர்.

இதில் முதல் ஓட்டை 'சென்ற மாத பில்'. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாதாமாதம் பில் போடும் வேறு மாநிலங்களுக்காக எழுதியதை அப்படியே இங்கேயும் அனுப்பியிருக்கிறான். அடுத்து, மெசேஜில் சர்வீஸ் நம்பர் இல்லை. நிஜமான ஈ.பி. மெசேஜில் மின் இணைப்பு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி மூன்றும் இருக்கும். உங்கள் இணைப்பைத் துண்டிக்கப் போகிறவனுக்கு எந்த இணைப்பு என்றே தெரியாது என்றால் என்ன அர்த்தம்?

மூன்றாவது, இரவு 9.30. பில் கட்டாத வீட்டில் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருவது பகலில், ஆபீஸ் நேரத்தில். பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க, "கட்டிடுங்க சார், நாளைக்கு வந்து மாட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மரம் விழுந்து கம்பி அறுந்தால்கூட அவர்களை வரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். பில் பாக்கிக்காகவா வரப்போகிறார்கள்? ஆனால் அந்த நேரத்தை அவன் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மெசேஜ் வருவது பெரும்பாலும் மாலையில். அப்போது ஈ.பி. கவுன்டர் மூடியிருக்கும், நேரில் போய்க் கேட்க வழியில்லை. பிள்ளைகள் வேலையில் இருப்பார்கள். இருட்டப் போகிறது, வீட்டில் வயதானவர்கள் மட்டும். கையில் இருக்கும் ஒரே வழி மெசேஜில் உள்ள அந்த நம்பர் என்று ஆகிவிடுகிறது.

நான்காவது, சட்டம். மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆவது பிரிவின்படி, பில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால் எழுத்து மூலம் முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். மாலையில் மெசேஜ் போட்டு இரவில் துண்டிக்கும் அதிகாரம் எந்த மின் வாரியத்துக்கும் கிடையாது. இதை அப்பாவுக்கு நிதானமாகச் சொல்லிக் கொடுத்தால் பாதி பயம் போய்விடும்.

சரி, அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? பேசுகிறவன் மிரட்ட மாட்டான், மரியாதையாகத்தான் பேசுவான். "நீங்க பில் கட்டிட்டீங்க சார், ஆனா சிஸ்டத்துல ஏறல. ஒரு பத்து ரூபா கட்டினா அப்டேட் ஆயிடும்" என்பான். பத்து ரூபாய்தானே என்று தோன்றும். அதைக் கட்டுவதற்கு உதவி செய்கிறேன் என்று 'எனிடெஸ்க்', 'குவிக் சப்போர்ட்' மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்வான். இவை கெட்ட ஆப்கள் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்கள் தூரத்திலிருந்து திரையைப் பார்க்கப் பயன்படுத்துபவை. அதில் வரும் எண்ணை அவனிடம் படித்துச் சொன்ன நொடியில் உங்கள் போன் திரை அவன் கண் முன்னால். கார்டு எண்ணையும் ஓடிபியையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், டைப் செய்வதை அவனே பார்த்துக்கொள்வான். இதே முறையைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இத்தனை வருடம் கழித்தும் இது ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அந்தப் பத்து ரூபாய்தான் காரணம். "ஐயாயிரம் கட்டு" என்றால் யாரும் யோசிப்பார்கள், பத்து ரூபாய்க்கு யார் யோசிக்கிறார்கள்?

பார்சல் மெசேஜிலும் இதே சின்னத் தொகைதான். 'இந்தியா போஸ்ட்: உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இருமுறை டெலிவரிக்கு முயன்றோம், முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும்' என்று ஒரு லிங்க். உள்ளே போனால் போஸ்ட் ஆபீஸின் சிவப்பு மஞ்சள் நிறத்தில் ஒரு பக்கம், மறுபடி அனுப்ப இருபது முப்பது ரூபாய் கட்டணம். அவனுக்கு வேண்டியது அந்த இருபது ரூபாய் இல்லை, அதைக் கட்டும்போது நீங்கள் நிரப்பும் கார்டு விவரம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வித்தை உண்டு. தெரியாத நம்பரிலிருந்து வரும் லிங்க்கை ஐபோன் திறக்க விடாது. அதனால் 'வொய் (Y) என்று பதில் அனுப்பி, மெசேஜை மூடித் திறந்தால் லிங்க் வேலை செய்யும்' என்று கீழே எழுதியிருப்பான். நீங்கள் பதில் அனுப்பினால், இவர் தெரிந்தவர்போல என்று போன் பூட்டைத் திறந்துவிடுகிறது. எந்தத் தபால் துறையும் உங்கள் போனின் பூட்டைத் திறக்க உங்களையே பதில் போடச் சொல்லாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தால் பொய்' என்று பலரும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். மெசேஜுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் நம் ஊரில் போஸ்ட்மேன் தன் சொந்த மொபைலிலிருந்துதான் கூப்பிடுகிறார், லைன்மேனும் அப்படித்தான். ஆகவே யார் கூப்பிடுகிறார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்று பாருங்கள். போஸ்ட்மேன் கேட்பது "வீடு கோயில் பக்கமா, டேங்க் பக்கமா?" என்பதைத்தான். கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தை அவர் கேட்க மாட்டார்.

இனி அனுப்புநர் பெயர். இது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் தெரிந்துகொண்டால் நிஜமாகவே உதவும். இந்தியாவில் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி பெயரையும் மெசேஜ் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் வங்கி மெசேஜ்கள் நம்பருக்குப் பதில் எழுத்துகளோடு வருகின்றன. முதலில் இரண்டு எழுத்து, எந்தத் தொலைபேசி நிறுவனம், எந்த வட்டாரம் என்பதைக் குறிக்கும். ஒரு கோடு. பிறகு அனுப்புகிறவரின் பெயர். 2025 மே மாதத்திலிருந்து கடைசியில் இன்னொரு கோடும் ஒரே ஒரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது. விளம்பரம் என்றால் ஆங்கில 'பி' (P), சேவைத் தகவல் என்றால் 'எஸ்' (S), பணப் பரிமாற்றம் என்றால் 'டி' (T), அரசு என்றால் 'ஜி' (G). உங்கள் அப்பாவின் போனில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். ஆனால் 'ஜி' இல்லை என்பதாலேயே பொய் ஆகிவிடாது. அரசு சார்ந்த நிறுவனத்தின் பில் விவரம் 'எஸ்' என்றும் வரலாம். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லும் 'அரசு' மெசேஜின் கடைசியில் 'பி' இருந்தாலோ, வெறும் மொபைல் நம்பரோ வெளிநாட்டு எண்ணோ இருந்தாலோ அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எழுத்துப் பெயரோடு வந்தால் நம்பலாமா? முழுதாக நம்ப வேண்டாம். பதிவு செய்த பெயர்களும் மாதிரிகளும் தவறான கைகளுக்குப் போகின்றன என்று 2023-இல் டிராயே அவற்றை மறுபடி சரிபார்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. 2024 அக்டோபரிலிருந்து, முன்பே பதிவு செய்யாத லிங்க் உள்ள மெசேஜை நெட்வொர்க்கே தடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பலன் என்னவென்றால், திருடர்களில் பலர் எஸ்எம்எஸ்ஸை விட்டு வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே இந்தப் பதிவு, கோடு, எழுத்து எதுவும் கிடையாது. முகப்புப் படமாக அசோகச் சின்னத்தை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

லிங்க்கைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. நான் கடையில் சொல்லிக்கொடுக்கும் முறை இது. இணைய முகவரி நம் வீட்டு விலாசம் மாதிரி: கதவு எண், தெரு, கடைசியில் ஊர். ஊரைத்தான் பார்க்க வேண்டும். திருச்சியில் மதுரை ரோடு இருக்கிறது, அதற்காக அங்குள்ள வீடுகள் மதுரையில் இருப்பதாக ஆகிவிடுமா? அதேபோல 'பரிவாகன்', 'இந்தியாபோஸ்ட்', 'கவ்' (gov) என்று முகவரிக்குள் எங்கே வேண்டுமானாலும் எவனும் எழுதிக்கொள்ளலாம். அவை எல்லாம் தெருப் பெயர்கள். தொடக்கத்தில் வரும் 'https://' என்பதைத் தள்ளிவிட்டால், முதல் சாய்கோடு எங்கே வருகிறதோ, அதை ஒட்டி முன்னால் இருப்பதுதான் ஊர். அது 'புள்ளி கவ் புள்ளி இன்' என்று முடிந்தால் அரசு, ஏனென்றால் அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் தரப்படுகிறது. 'கவ்' என்பதற்கும் 'இன்' என்பதற்கும் நடுவில் புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு இருந்தால், அல்லது அதற்குப் பின்னால் 'டாப்', 'எக்ஸ்ஒய்இசட்' என்று வால் நீண்டால் அது வேறு ஊர்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசுக்குச் சொந்தமான எல்லாத் தளமும் அப்படி முடிவதில்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளம் 'கோ புள்ளி இன்' என்றுதான் முடிகிறது. நம் ஈ.பி. தளமும் வருடக்கணக்கில் 'ஆர்க்' என்ற முடிவோடுதான் ஓடியது. அதனால் அப்பாவுக்கு நான் லிங்க் படிக்கச் சொல்லித் தர மாட்டேன். அவருக்கு ஒரே வரி போதும்: மெசேஜில் வந்த வழியில் போகாதே, உனக்குத் தெரிந்த வழியில் போ. பில் பாக்கியா என்று பார்க்க வேண்டுமா, வழக்கமாகக் கட்டும் ஆப்பில் சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பார். இல்லையென்றால் தமிழ்நாடு மின் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிடு. அதுவும் முடியாவிட்டால் காலையில் செக்‌ஷன் ஆபீஸுக்கு நட.

இந்த மூன்றில் என்னை உண்மையாகவே பயமுறுத்துவது அந்த ஃபைன் ஃபைல்தான். மற்ற இரண்டிலும் ஏமாற நீங்கள் ஏதாவது கொடுக்க வேண்டும். இதில் ஃபைலைத் திறந்து, கேட்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால் போதும், மீதியைப் போனே பார்த்துக்கொள்ளும்.

'உங்கள் வாகனம் சிக்னல் மீறியுள்ளது, சலான் இணைக்கப்பட்டுள்ளது' என்று வரும். கீழே 'ஆர்டிஓ சலான்', 'எம்பரிவாகன்' போன்ற பெயரில் ஒரு ஃபைல். பெயரின் கடைசியைப் பாருங்கள், 'ஏபிகே' என்று இருக்கும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் ஃபைல். ஃபைன் ரசீது படமாக வரலாம், பிடிஎஃப் ஆக வரலாம், ஆனால் ஆப்பாக வர முடியாது. கரண்ட் பில் காகிதம் வீட்டுக்கு வருவதற்குப் பதில் மீட்டர் ரீடரே வந்து உங்கள் வீட்டில் குடியேறினால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

திறந்தால் போன் ஒருமுறை எச்சரிக்கும்: தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், அனுமதிக்கவா? அனுமதித்தால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். சில சமயம் தன்னையே போனின் எஸ்எம்எஸ் ஆப்பாக ஆக்கச் சொல்லும். கொடுத்த பிறகு பெரும்பாலும் ஐகான் மறைந்துவிடும். "திறக்கவே இல்லப்பா, ஃபைல் கெட்டுப்போச்சு போல" என்று நினைத்து விட்டுவிடுவோம். ஆனால் அது உள்ளே உட்கார்ந்து வரும் ஓடிபிகளை அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். பணம் அன்றே போக வேண்டும் என்று இல்லை. இரண்டு நாள் கழித்து நடுராத்திரி போகும். அதனால் எதனால் போனது என்பதே பலருக்குப் புரிவதில்லை.

இன்னொரு கொடுமை, அந்த ஃபைல் உங்கள் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றி உங்கள் குழுக்களுக்கும் போகும். குடியிருப்போர் சங்கக் குழுவில் செயலாளரே அனுப்பியதாக வரும். தெரிந்தவர் அனுப்பினார் என்பது இந்த விஷயத்தில் எந்தச் சான்றும் இல்லை. பாவம், அவருக்கே தெரிந்திருக்காது. இதே வித்தைதான் பி.எம். கிசான் பெயரிலும் நடக்கிறது. விவசாயிகளுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வரும் திட்டம் அது. தவணை வர வேண்டிய சமயத்தில் 'பி.எம். கிசான்' என்ற பெயரில் ஏபிகே சுற்றும். தவணை வரவில்லையே என்று காத்திருக்கிறவர் திறக்காமல் இருப்பாரா?

நிஜமாகவே ஃபைன் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கங்களைப் போட்டுப் பார்க்கலாம். ஃபைன் இருந்தால் அங்கே இருக்கும். அங்கே இல்லாத ஃபைனுக்காக வாட்ஸ்அப்பில் யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். போலீஸ் ஃபைன் போட்டால் அன்றிரவுக்குள் கட்டச் சொல்வதும் இல்லை. எத்தனையோ வண்டிகள் வருடக்கணக்கில் ஃபைன் பாக்கியோடு ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது எஃப்.சி. காட்டப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

வருமான வரி ரீஃபண்ட் மெசேஜ் உங்கள் அப்பாவுக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது. ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவர் என்றால் ஜூலை, ஆகஸ்டில் வரும். 2023-இல் ஒன்று பரவலாகச் சுற்றியது: 'உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது. உங்கள் வங்கிக் கணக்கு எண் இதுதானா? தவறென்றால் கீழுள்ள லிங்க்கில் திருத்தவும்.' மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புக் குழு அது பொய் என்று அறிவித்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். கணக்கு எண்ணில் சில இலக்கங்களை மட்டும் காட்டியிருப்பான். அது உங்கள் எண் இல்லை, யாருடைய எண்ணும் இல்லை. அதனால்தான் எல்லோரும் 'தவறு' என்று நினைத்துத் திருத்தப் போவார்கள். வரித்துறை ரீஃபண்டை நீங்கள் முன்பே சரிபார்த்து வைத்த கணக்குக்கு நேராக அனுப்பிவிடும், லிங்க்கில் கணக்கு எண் கேட்காது. நோட்டீஸ் என்று வந்தால், 2019 அக்டோபரிலிருந்து அந்தத் துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் ஒன்று போடுகிறார்கள். அதைத் துறையின் தளத்தில் போட்டு நிஜமா என்று பார்க்கலாம்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஓடுவது அவசரம். இன்று இரவு, 48 மணி நேரம், உடனே. யோசித்துப் பாருங்கள், எந்த அரசு ஆபீஸாவது உங்களை அவசரப்படுத்தி என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பட்டா பெயர் மாற்றத்துக்கு எத்தனை நடை நடந்தோம்? 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லியே பழகியவர்கள் திடீரென்று உங்கள் நலனுக்காக இரவோடு இரவாக வேலை செய்கிறார்கள் என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் நிஜமான கெடுவும் அவ்வப்போது வருவது உண்டு, திருடர்கள் அந்தச் சமயத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லி அரசு நிஜமாகவே உத்தரவு போட்டது. கெடுவைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி வரை நீட்டித்தார்கள். அந்த மாதங்களில் என் கடை வாசலில் வரிசை நின்றது. அப்போது ஒரு மெசேஜ் வந்து 'இணைக்காவிட்டால் கரண்ட் கட்' என்றால் யார் நம்ப மாட்டார்கள்? ஆகவே புதுத் திட்டம், புதுக் கெடு என்று செய்தித்தாளில் வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு "இது பெயரில் மெசேஜ் வரும்ப்பா, என்கிட்ட காட்டு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதையும் மீறி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தேட மூளை வேலை செய்யாது.

ஃபைலைத் திறந்துவிட்டார், ஆனால் பணம் இன்னும் போகவில்லை என்றால் முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், அல்லது ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி நம்பரைக் கூகுளில் தேட வேண்டாம். அங்கேயும் போலி கஸ்டமர் கேர் நம்பர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஏடிஎம் கார்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் நம்பர்தான் பாதுகாப்பு. பிறகு செட்டிங்ஸில் ஆப் பட்டியலைப் பார்த்து அன்று வந்த புது ஆப்பை நீக்குங்கள், எஸ்எம்எஸ் ஆப்பாக எது இருக்கிறது என்றும் பாருங்கள். நீக்க விடாமல் அடம்பிடித்தால் யோசிக்காமல் போட்டோக்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவது மேல்.

பணம் போய்விட்டது என்றால் முதல் வேலை 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். இங்கே நிமிடங்கள் முக்கியம். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது. வாடகைக்கு எடுத்த நாலைந்து கணக்குகள் வழியாகத் தாவி ஏதோ ஒரு ஊரில் ஏடிஎம்மில் பணமாக வெளியே வந்துவிடும். 1930-இல் புகார் பதிவானதும் அந்தச் சங்கிலியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் எந்தக் கணக்கில் இன்னும் நிற்கிறதோ அங்கேயே முடக்குவார்கள். வெளியே வந்துவிட்ட பணத்தை முடக்க முடியாது. கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: வங்கிக் கணக்கு எண், போன தொகை, போன நேரம், பரிவர்த்தனை எண், அவன் நம்பர். லைன் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே இருக்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நேரடியாகப் பதியுங்கள். மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது, நேரில் போகலாம்.

வங்கிக்கும் தனியாக எழுத்தில் புகார் கொடுங்கள், நேரத்தைக் குறிப்பிட்டு. இதற்குக் காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் அதுவரை போன பணம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். ஆனால் நீங்கள் தகவல் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. கவுன்டரில் "உங்க தப்புதான் சார்" என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படித் திரும்பி வந்தவர். சொன்னதை எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி மறுபடி அனுப்பினேன். அந்த முத்திரையில் இருந்த நேரத்துக்கு அப்புறம் போன ஒரு தொகைதான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

அப்புறம், புகார் கொடுத்த சில நாளில் 'நீங்கள் இழந்த பணத்தை மீட்டுவிட்டோம், செயலாக்கக் கட்டணம் அனுப்பவும்' என்று சைபர் போலீஸ் பெயரிலேயே மெசேஜ் வரும். முதல் தடவை ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. முடக்கிய பணம் சட்டப்படியான நடைமுறை வழியாகத்தான் திரும்ப வரும், அதற்கு யாரும் போனில் கட்டணம் கேட்பதில்லை.

இனி ஆப் இருக்கிறதா என்ற கேள்வி. புதிதாக எதையும் போட வேண்டாம். மோசடியைத் தடுக்கும் ஆப் என்ற பெயரிலேயே ஏபிகே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே இருப்பதைச் சரிசெய்தால் போதும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'தெரியாத ஆப்களை நிறுவு' என்ற பகுதிக்குப் போய் வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அந்த அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கெட்ட ஆப்களைக் கண்டுபிடிக்க பிளே ஸ்டோரிலேயே இருக்கும் பிளே ப்ரொடெக்ட் இயங்குகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஃபைல்கள் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். பென்ஷன் வரும் கணக்கில் யுபிஐ வைக்காமல், சின்னத் தொகை உள்ள வேறொரு கணக்கில் வைத்துக்கொடுங்கள். நான் என் மாமனாருக்குச் செய்து கொடுத்தது இவ்வளவுதான். முதலில் முறைத்தார், இப்போது பழகிவிட்டது.

கடைசியாக, அப்பாவிடம் பேசும் விதம். என் கடைக்கு வந்து அழுத ஒரு பெரியவர் பணம் போய் இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார். போன அன்றே அவருக்குத் தெரியும். பையன் திட்டுவான் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் தானே சரிசெய்துவிடலாம் என்று அந்தத் திருடனுக்கே திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார். ஒவ்வொரு போனுக்கும் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. ஆகவே "இதுகூடவா தெரியல?" என்ற வார்த்தை வீட்டில் வர வேண்டாம். எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்று சொல்லி வையுங்கள், நீங்கள் மீட்டிங்கில் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் ஈ.பி. சர்வீஸ் நம்பர், மின்னகம் நம்பர், ஏடிஎம் கார்டின் பின்னால் உள்ள வங்கி நம்பர், 1930, உங்கள் நம்பர் ஐந்தையும் எழுதி மீட்டர் பெட்டிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அவர் போனில் இருக்கும் அந்த மூன்று மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் புகாராகப் போடுங்கள். பணம் போகாத மெசேஜ்களுக்கு அதுதான் இடம். போட்ட பிறகு, அந்த ஃபைன் ஃபைலை வாட்ஸ்அப்பில் மட்டுமல்லாமல் போனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் தேடி அழித்துவிடுங்கள்.